ஒரே ஒரு நினைவாய்வு நூல் எழுதிய எபிங்ஹாஸை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பி.எட். படிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஹெர்மன் எபிங்ஹாஸ் நினைவைப் பற்றிச் சோதனை செய்து எழுதியது ஒரே ஒரு சிறிய புத்தகம், அதிலும் சோதனைக்கு உட்பட்டது அவர் ஒருவர் மட்டுமே. இன்றைக்கு இப்படியொரு வெளியீட்டுப் பட்டியலோடு போய் நின்றால் உதவிப் பேராசிரியர் வேலைகூடக் கிடைக்காது. பிறகு ஏன் அவரை இந்தத் துறையின் தந்தை என்று படிக்கச் சொல்கிறார்கள்? ‘ஒரே நாளில் 70 சதவீதம் மறந்துவிடும்’ என்று கோச்சிங் சென்டர்கள் போடும் படத்தை நம்பலாமா?

பார்க்க மூன்று கேள்விகள். அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: ஒருவர் எவ்வளவு எழுதினார் என்பதை வைத்து, அவர் கண்டுபிடித்தது எவ்வளவு உறுதியானது என்று முடிவுசெய்ய முடியுமா? கல்லூரியில் உளவியல் கற்பித்தும், ஆய்வகத்தில் மாணவர்களை வைத்து நினைவுச் சோதனைகள் நடத்தியும் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஜெர்மன் மூலத்தைப் படித்தவன் அல்ல. 1913-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் அந்தப் பட்டியல். எபிங்ஹாஸ் 1850-இல் ஜெர்மனியின் பார்மென் நகரில் பிறந்தவர். 1873-இல் பான் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முனைவர் பட்டம். அடுத்த சில ஆண்டுகள் இங்கிலாந்திலும் பிரான்சிலும் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். அந்தக் காலத்தில்தான் குஸ்தாவ் ஃபெக்னரின் உளஇயற்பியல் நூல் பழைய பிரதியாக அவர் கைக்கு வந்தது. ஒளி, எடை போன்றவற்றை நாம் உணரும் விதத்தை அளக்க முடியும் என்றால் நினைவை ஏன் அளக்க முடியாது என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. 1879-80இல் முதல் சுற்றுச் சோதனைகள். அவற்றை 1880-இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் கையெழுத்துப் பிரதியாகக் கொடுத்து, கற்பிக்கும் தகுதி பெற்றார். உடனே அச்சுக்குக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. 1883-84இல் இரண்டாவது சுற்றை நடத்தினார். பழைய முடிவுகளைச் சரிபார்த்தார், புதிய கேள்விகளைச் சேர்த்தார். 1885-இல்தான் புத்தகம் வந்தது.

அதற்குப் பிறகு நினைவைப் பற்றி அந்த அளவில் அவர் வேறு சோதனைத் தொகுப்பு எதையும் வெளியிடவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. 1890-இல் ஆர்தர் கோனிக் என்பவருடன் சேர்ந்து உளவியலுக்கும் புலன் உடலியலுக்குமான ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். 1893-இல் நிறப் பார்வை பற்றிய கொள்கை. 1897-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கான புதிய சோதனை ஒன்று. காலையில் தொடர்ந்து பல மணி நேரம் வகுப்பு நடத்தினால் பிள்ளைகள் களைத்துப்போகிறார்களா என்று பிரெஸ்லாவ் நகர நிர்வாகம் கேட்டதற்காக, ஒரு பத்தியில் சில சொற்களையும் அசைகளையும் எடுத்துவிட்டு நிரப்பச் சொன்னார். ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ என்று நாம் எழுதிப் பழகிய வினாவடிவம் அறிவுச் சோதனைகளுக்குள் நுழைந்ததில் இந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு இரண்டு பாடநூல்கள். 1909-இல் நிமோனியாவில் இறந்தபோது வயது 59.

இந்தக் குறைந்த பட்டியல் அவரைப் பாதித்ததா? பாதித்திருக்கலாம். உறுதியாகச் சொல்லக்கூடியது: 1894-இல் பெர்லினில் பேராசிரியர் இருக்கை கார்ல் ஷ்டும்ப் என்ற இன்னோர் உளவியலாளருக்குப் போனது, அதே ஆண்டு எபிங்ஹாஸ் பிரெஸ்லாவுக்குப் போனார். ‘போதிய அளவு வெளியிடவில்லை என்பதால்தான் ஒதுக்கினார்கள்’ என்று பல பாடநூல்கள் எழுதுகின்றன. அது நடந்திருக்கக்கூடிய ஒரு காரணம், அதற்கு மேல் அதை நான் நீட்ட மாட்டேன். பெர்லினில் செல்வாக்கோடு இருந்த தத்துவப் பேராசிரியர் வில்ஹெல்ம் டில்தாய்க்கு உளவியலை இயற்பியல்போல நடத்துவதே பிடிக்காது. அவர் 1894-இல் எழுதிய கட்டுரைக்கு எபிங்ஹாஸ் 1896-இல் எழுதிய மறுப்பு மிகக் கடுமையானது. ஆகவே பட்டியலின் நீளம் ஒரு பக்கம், எது உளவியல் என்ற சண்டை இன்னொரு பக்கம். இரண்டில் எது எவ்வளவு என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியும் என எனக்குத் தோன்றவில்லை. தேர்வில் எழுதும்போது ஒரே காரணமாக எழுதிவிடாதீர்கள்.

சரி, அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது? இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் அவர் உட்கார்ந்து செய்த வேலையின் விவரத்தில்தான் இருக்கிறது. மெய், உயிர், மெய் என்று சேர்ந்த பொருளற்ற அசைகளை ஏறத்தாழ 2,300 வரை உருவாக்கினார். அவற்றைக் கலைத்து, வந்த வரிசையிலேயே எடுத்துப் பட்டியலாக்கினார். மறதிச் சோதனைகளில் ஒரு பட்டியலுக்கு 13 அசைகள். நிமிடத்துக்கு 150 தட்டு என்ற வேகத்தில் வாய்விட்டுப் படிப்பார். முதலில் தாளக் கருவியை வைத்துக்கொண்டார், பிறகு கைக்கடக்கமான கடிகாரத்தின் டிக் டிக் போதும் என்று விட்டுவிட்டார். பார்க்காமல் தடுமாறாமல் சொல்ல வரும்வரை திரும்பத் திரும்பப் படிப்பு. ஒரு பட்டியல் முடிந்தால் 15 விநாடி ஓய்வு, உடனே அடுத்தது. இப்படி எட்டுப் பட்டியல் முடித்தால்தான் ஒரு சோதனையின் முதல் பாதி. குறித்த இடைவெளிக்குப் பிறகு அதே எட்டையும் மறுபடி அதே அளவுக்குக் கற்பது இரண்டாம் பாதி. மறதி பற்றிய அத்தியாயத்துக்கு மட்டும் இப்படி 163 சோதனைகள். சிலவற்றில் ஆறு பட்டியல்தான். இருந்தாலும் கூட்டிப் பார்த்தால் 1,200-க்கு மேற்பட்ட பட்டியல்கள், ஒவ்வொன்றும் இரண்டு தடவை. காலையில் செய்தவை, முற்பகலில் செய்தவை, மாலையில் செய்தவை எல்லாம் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கின்றன. தன் எதிர்பார்ப்பே தன் முடிவுகளை வளைத்துவிடலாம் என்ற ஐயத்தையும் அவரே எழுப்பி, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விவாதிக்கிறார். 1885-இல் இதை எழுதியிருக்கிறார் என்பது ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு மரியாதையை உண்டாக்குகிறது.

இப்போது எண்கள். அவர் அளந்தது மறந்த அளவை நேரடியாக அல்ல. மறுபடி கற்கும்போது மிச்சமான உழைப்பை அளந்தார். இதைத்தான் சேமிப்பு முறை என்கிறோம். ஒரு தொகுதியை முதலில் கற்க 1,000 விநாடி ஆனது, ஒரு நாள் கழித்துக் கற்க 663 விநாடி ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பு 33.7 சதவீதம். அவருக்குக் கிடைத்த சராசரிகளில் ஒரு நாளுக்கானது இதுதான். ஏறத்தாழ 20 நிமிடத்துக்குப் பிறகு 58.2, ஒரு மணி நேரத்தில் 44.2, ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பாக 35.8, இரண்டு நாளில் 27.8, ஆறு நாளில் 25.4, 31 நாளில் 21.1. முதல் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறது. அதற்குப் பிறகு ஒரு மாதம் முழுக்க ஓடியும் மெதுவாகத்தான் குறைகிறது.

‘70 சதவீதம்’ எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். 100-இலிருந்து 33.7-ஐக் கழித்து, கிடைத்ததைக் கொஞ்சம் மேலே தூக்கி, ‘மறந்துவிடும்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சேமிப்பு 33.7 என்றால் மூன்றில் ஒரு பங்கு நினைவில் இருக்கிறது என்று பொருள் ஆகாது. ஓர் அசையைக்கூடச் சொல்ல முடியாத நிலையிலும் மறுபடி கற்கும்போது நேரம் குறையலாம். அந்த முறையின் அழகே அதுதான்: நமக்கே தெரியாமல் தங்கியிருக்கும் சுவட்டையும் அது பிடித்துவிடும். ஆகவே இந்த எண்ணை எடுத்து ‘நேற்று நடத்திய பாடத்தில் 70 சதவீதம் போயிற்று’ என்று சொல்வது இரண்டு விதத்தில் தவறு. அளவு வேறு, கற்ற பொருளும் வேறு.

கற்ற பொருளைப் பற்றி அவரே ஒரு கணக்கு தருகிறார். ஆங்கிலக் கவிஞர் பைரனின் ஒரு நெடுங்கவிதையிலிருந்து பத்திகளை எடுத்து மனப்பாடம் செய்தார். 80 அசைகள் கொண்ட ஒரு பத்திக்கு ஒன்பது தடவைக்குள் படித்தால் போதுமாக இருந்தது. அதே நீளத்துக்குப் பொருளற்ற அசைகள் என்றால் 70, 80 தடவை ஆகும் என்று கணக்கிடுகிறார். பொருளும் யாப்பும் எதுகையும் சேர்ந்தால் உழைப்பு பத்தில் ஒன்றாகிவிடுகிறது. வெண்பாவை நாலு தடவை சொல்லி மனப்பாடம் செய்த பிள்ளைகளிடம் இதற்குத் தனியாக ஆதாரம் கேட்க வேண்டியதில்லை. பள்ளியில் கற்றது எவ்வளவு காலம் தங்கும் என்று தெரிய வேண்டுமானால் ஹாரி பாரிக் 1984-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பள்ளியிலும் கல்லூரியிலும் ஸ்பானிய மொழி படித்தவர்களை ஐம்பது ஆண்டுவரை கழித்துச் சோதித்தார். முதல் சில ஆண்டுகளில் வேகமாகக் குறைந்தது, பிறகு பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமே இல்லாமல் அப்படியே நின்றது.

அசைகளை ‘பொருளற்றவை’ என்று சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆய்வகத்தில் தமிழில் பட்டியல் தயாரிக்கும் மாணவர்கள் முதல் நாளே இதில் முட்டிக்கொள்வார்கள். கல், பல், மண், கண், பொய், நெய் என்று எதை எழுதினாலும் சொல்லாகிவிடும். அவற்றை ஒதுக்கி ‘தெங்’, ‘ஞொல்’ என்று எழுதினால், ஒருத்திக்குத் தென்னை மரம் நினைவுக்கு வரும், இன்னொருத்திக்கு யாரோ ஒருவரின் செல்லப்பெயர். எல்லா அசையும் ஒரே மாதிரி வெறுமையானவை அல்ல என்பதை எபிங்ஹாஸும் கவனித்து எழுதியிருக்கிறார். சில வரிசைகள் எளிதாகவும் சில கடினமாகவும் இருந்ததை அவர் மறைக்கவில்லை. நிறையப் பட்டியல் கற்றுச் சராசரி எடுப்பதுதான் அவர் கண்ட மருந்து.

அந்த ‘நிறையப் பட்டியல்’தான் அவருடைய உண்மையான பலவீனம். என் கணிப்பில், ‘ஒரே ஆள்’ என்ற குற்றச்சாட்டை விட இது கனமானது. 1957-இல் பெண்டன் அண்டர்வுட் என்ற அமெரிக்க ஆய்வாளர் பழைய ஆய்வுகள் பலவற்றைத் திரட்டிப் பார்த்தார். ஒரு நாள் கழித்துச் சோதித்தால் சில ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் முக்கால் பங்கை மறந்திருந்தார்கள். வேறு சில ஆய்வுகளில் கால் பங்குதான். எல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரிச் சோதனைகள். ஏன் இந்த வேறுபாடு? அதே ஆள் அதற்கு முன்பு எத்தனை பட்டியல் கற்றிருந்தார் என்பதைப் பக்கத்தில் வைத்ததும் விடை தெரிந்துவிட்டது. முதல் பட்டியலைக் கற்றவர் குறைவாக மறந்தார். இருபது பட்டியல் ஏற்கெனவே கற்றவர் மிக அதிகமாக மறந்தார். முன்பு கற்றவை இப்போது கற்றதோடு மோதுகின்றன. நூற்றுக்கணக்கான பட்டியல்களைத் தலைக்குள் ஏற்றிக்கொண்ட எபிங்ஹாஸ் எவ்வளவு வேகமாக மறந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். துல்லியம் வேண்டும் என்று அவர் செய்த அதே வேலை அவருடைய மறதியை அதிகமாக்கியிருக்கிறது. அண்டர்வுட் பார்த்தது நேரடியாகச் சொல்ல வருவதை, எபிங்ஹாஸ் பார்த்தது மறுகற்றலின் சேமிப்பை, எனவே எண்ணுக்கு எண் ஒப்பிட முடியாது. திசை எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்படியென்றால் அந்தச் சேமிப்பு எண்களை வரைந்தால் கிடைக்கும் மறதி வளைகோடே போய்விட்டதா? இல்லை. உயரம் மாறலாம், வடிவம் தாக்குப்பிடித்திருக்கிறது. 1996-இல் டேவிட் ரூபின், எமி வென்செல் இருவரும் நூறாண்டு மறதி ஆய்வுகளிலிருந்து 210 தரவுத் தொகுதிகளை எடுத்து எந்தச் சூத்திரம் பொருந்துகிறது என்று பார்த்தார்கள். முதலில் சட்டென்று இறங்கி, போகப்போக இறக்கம் மெதுவாகும் கோடுகள்தான் நன்றாகப் பொருந்தின. அது எந்தக் கணித வடிவம் என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. 2015-இல் ஆம்ஸ்டர்டாமில் யாப் முர்ரே, யூரி ட்ரோஸ் இருவரும் எபிங்ஹாஸ் செய்ததை அப்படியே திரும்பச் செய்தார்கள். மறுபடியும் ஒரே ஆள், 70 மணி நேரம் பட்டியல் கற்றல். கிடைத்த கோடு 1885-இன் கோட்டோடு பெரிதும் ஒத்துப்போனது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. மேலே தந்த எண்களைத் திரும்பப் பாருங்கள். ஒன்பது மணி நேரத்தையொட்டி 35.8, ஒரு நாளில் 33.7. அந்தப் பதினைந்து மணி நேரத்தில் குறைந்தது இரண்டே புள்ளி. அடுத்த ஒரு நாளில் மட்டும் ஆறு புள்ளி இறங்குகிறது. மறதி போகப்போக மெதுவாகும் என்றால் இது நேர்மாறு. எபிங்ஹாஸுக்கே இது இடித்தது. அளவீட்டுப் பிழையாக இருக்கலாம் என்று எண்ணினாரே தவிர, எண்ணைத் திருத்தாமல் அப்படியே அச்சிட்டார். இடையில் வந்தது ஓர் இரவுத் தூக்கம். தூங்கியவர்கள் விழித்திருந்தவர்களை விடக் குறைவாக மறக்கிறார்கள் என்று ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் காட்டியது 1924-இல். ஆம்ஸ்டர்டாம் சோதனையிலும் 24 மணி நேரப் புள்ளியிலிருந்து கோடு எதிர்பார்த்ததை விட மேலே எழும்புகிறது. தூக்கம்தான் காரணம் என்று அறுதியிட இந்த இரண்டு சோதனைகள் மட்டும் போதாது. ஆனால் தனக்குப் புரியாத ஓர் எண்ணை அவர் வழித்துத் துடைத்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

ஒரே ஆளை வைத்த ஆய்வு நம்பத்தக்கதாக இருக்க வேண்டுமானால் என்ன தேவையோ, அதெல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. வேகம், பட்டியல் நீளம், எந்த நேரத்தில் செய்தது, எத்தனை சோதனை, ஒவ்வொரு சராசரியிலும் எவ்வளவு பிழை இருக்கலாம் என்ற கணக்கு, எல்லாமே. 130 ஆண்டு கழித்து இன்னொருவர் அதைப் பார்த்து அதே வேலையைச் செய்ய முடிந்தது. ஆட்களுக்கு ஆள் மறதி எப்படி வேறுபடும், குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் எப்படி இருக்கும் என்ற கேள்விகளுக்கு அதில் பதில் கிடையாது, இருக்கவும் முடியாது. அதையெல்லாம் அந்தப் புத்தகத்தின் பெயரில் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

அதேபோல ‘1 நாள், 7 நாள், 30 நாள் கழித்துத் திருப்புங்கள்’ என்று தேதி போட்டு எபிங்ஹாஸ் பெயரில் ஒரு படம் சுற்றுகிறதே, அந்தத் தேதிகள் அவர் தந்தவை அல்ல. அவர் தந்தது வேறு, அது இன்னும் பயனுள்ளது. 12 அசைப் பட்டியல் ஒன்றை ஒரே நாளில் 68 தடவை படித்துவிட்டு மறுநாள் கற்றுப் பார்த்தார். இன்னொரு பக்கம், மூன்று நாளுக்குப் பிரித்துப் போட்டு மொத்தம் 38 தடவை படித்துவிட்டு அதற்கடுத்த நாள் பார்த்தார். இரண்டிலும் ஏறத்தாழ ஒரே பலன். பிரித்துப் படித்ததால் முப்பது தடவை மிச்சம். 2006-இல் நிக்கோலஸ் செபேடாவும் அவருடைய கூட்டாளிகளும் இந்த விளைவைப் பற்றிய 317 சோதனைகளைத் தொகுத்தார்கள். பிரித்துப் படிப்பது உதவுகிறது என்பது உறுதியாயிற்று. எவ்வளவு இடைவெளி நல்லது என்பது, தேர்வு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது என்பதும் தெரிந்தது. அதனால் எல்லோருக்கும் பொருந்தும் ஒரு தேதிப் பட்டியல் போட முடியாது.

உங்கள் தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு பாடத்தைப் படித்த மறுநாள் ஒருமுறை, அப்புறம் ஒரு வாரத்தையொட்டி ஒருமுறை, தேர்வுக்குச் சில நாள் முன்பு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் ஆய்வுகள் சொல்வதற்கு முரணாக இருக்காது. திருப்பும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். வராத இடத்தை மட்டும் திறந்து படித்தால் போதும்.